பீர் குறிப்பும் மூன்றின் விதியும்

புதுச்சேரிக்காரன் பீரைப் பற்றி எழுதினால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். நம் ஊரில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அதைக் கற்றுக்கொடுக்க நான் வரவில்லை. ஆனால் பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. லீல் நகரில் இருக்கும் என் மருமகனும் அதில் ஒருவர். அவர்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகு என் கருத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கருத்து இதுதான்: புத்தகத்தில் இருக்கும் குறிப்பு, அதை எழுதியவருடைய அண்டாவுக்கு எழுதிய குறிப்பு. நம் அண்டாவுக்கு நாம்தான் திருத்தி எழுத வேண்டும்.

மருமகனின் குறிப்பில் 4.5 கிலோ பேல் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), 20 லிட்டர் சாறு, அடர்த்தி 1050 என்று இருந்தது. அவருக்குக் கிடைத்தது 1044. ஐந்து சதவீத ஆல்கஹால் வர வேண்டிய இடத்தில் நாலேகாலை ஒட்டித்தான் வந்தது. குடித்தவர்கள் "கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றார்கள். மனிதர் ஒடிந்துபோய், பாத்திரங்களை எல்லாம் விற்றுவிட்டு விலையுயர்ந்த மின்சார இயந்திரம் ஒன்று வாங்குவதாக இருந்தார்.

கணக்கைப் பார்ப்போம். நல்ல மால்ட் ஒரு கிலோவில் இருப்பதெல்லாம் கரைந்து வந்தால் சுமார் 300 புள்ளி. 4.5 கிலோவுக்கு 1350. அவருக்குக் கிடைத்தது 20 லிட்டர் பெருக்கல் 44, அதாவது 880. ஆக 65 சதவீதம் தேறியிருக்கிறது. குறிப்பு எழுதியவருக்கு 75 தேறும். இதைத்தான் 'எஃபிஷியன்ஸி' என்கிறார்கள். ஒரே எள்ளைப் போட்டாலும் செக்குக்குச் செக்கு எண்ணெய் தேறுவது மாறும் அல்லவா, அதுபோலத்தான். மால்ட்டை எவ்வளவு நைசாக உடைத்தோம், சக்கையை வெந்நீர் விட்டு அலசினோமா, அண்டாவின் அடியில் எவ்வளவு தங்கிவிட்டது என்பதைப் பொறுத்த விஷயம். இதில் கைத்திறமைக் குறைவு எதுவும் இல்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 'ரேக்ல் தெ த்ருவா' என்று ஒன்றை மண்டையில் ஏற்றினார்கள். மூன்று எண் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கும் விதி. இங்கே அது போதும். 4.5-ஐ 75-ஆல் பெருக்கி 65-ஆல் வகுத்தால் 5.2 கிலோ. கூடுதலாக 700 கிராம் மால்ட். இரண்டு யூரோ அளவில் செலவு. இயந்திரம் எதற்கு?

ஆனால் விதி தெரிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அதே விகிதத்தில் ஏற்றிவிடக் கூடாது. அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்.

கறுப்பு பீருக்குச் சேர்க்கும் வறுத்த மால்ட் நிறத்துக்கும் கருகல் சுவைக்கும்தான்; சர்க்கரைக்கு அல்ல. 400 கிராம் என்றால் 400 கிராமே இருக்கட்டும். அடிப்படை மால்ட்டை மட்டும் ஏற்றுங்கள் என்பது என் கட்சி.

கசப்புக்குப் போடும் ஹாப்ஸுக்கும் இந்த 65-க்கும் சம்பந்தம் இல்லை. சாற்றின் அளவும் அடர்த்தியும் குறிப்பில் உள்ளபடி வந்துவிட்டால் ஹாப்ஸை ஏற்ற வேண்டியதில்லை. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் ஆல்பா அமிலத்தைத்தான் பார்க்க வேண்டும். குறிப்பில் 5 சதவீத ஹாப்ஸ் 30 கிராம். கையில் இருப்பது 4 சதவீதம் என்றால் 37.5 கிராம் போட வேண்டும்.

ஆவியாகும் தண்ணீர் இன்னும் பொல்லாதது. அது அண்டாவின் வாய் அகலத்தையும் அடுப்பின் வேகத்தையும் பார்க்கும், குறிப்பைப் பார்க்காது. 20 லிட்டருக்கு ஒரு மணி நேரத்தில் 3 லிட்டர் போகும் அண்டாவில் 10 லிட்டர் காய்ச்சினாலும் ஏறக்குறைய அதே 3 லிட்டர்தான் போகும். பாதி அளவு என்பதால் ஒன்றரை லிட்டர் என்று கணக்குப் போட்டவர் கடைசியில் சாறு குறைந்து நிற்பார். சக்கையும் கிலோவுக்கு ஒரு லிட்டர் அளவில் தண்ணீரைக் குடித்துவிடும். அதையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஆங்கிலப் புத்தகங்களில் 5 கேலன் என்றிருந்தால் எந்த நாட்டுப் புத்தகம் என்று பாருங்கள். அமெரிக்கக் கேலனில் அது 19 லிட்டர். பிரிட்டிஷ் கேலனில் 22.7 லிட்டர். லிட்டரிலேயே வளர்ந்த எங்களுக்கு இந்தத் தொல்லை புரிவதே இல்லை!

இனி என் முக்கியமான சண்டை. 65-ஐ 85 ஆக்கிக் காட்டுகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். மால்ட்டை மாவாக அரைத்தால் கூழாகி வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். வெந்நீரை விட்டு விட்டு அலசினால் உமியின் துவர்ப்பும் இறங்கிவிடும். டன் கணக்கில் மால்ட் வாங்கும் ஆலைக்கு ஒவ்வொரு சதவீதமும் பணம். வீட்டில் 20 லிட்டர் காய்ச்சுபவருக்கு அது வெறும் பெருமை. ஒரு தடவை 60, மறு தடவை 78 என்று குதிப்பதைவிட, ஒவ்வொரு தடவையும் 65 வருவது மேல். மாறாத எண்ணை வைத்துக் கணக்குப் போடலாம். குதிக்கிற எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அரசாங்க எழுத்தராக இருந்தவன் என்பதால் ஒன்று சொல்வேன். குறிப்பு என்பது மதிப்பீடு. உண்மைக் கணக்கு பதிவேட்டில்தான் இருக்கும். ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை கிலோ மால்ட், எத்தனை லிட்டர் தண்ணீர், கொதித்தபின் எவ்வளவு மிஞ்சியது, சாறு ஆறியபின் அடர்த்திமானி என்ன காட்டியது என்று எழுதிவையுங்கள். சூடாக இருக்கும்போது பார்த்தால் அது குறைவாகக் காட்டும். நாலு தடவை எழுதினால் உங்கள் அண்டாவின் குணம் தெரிந்துவிடும். பிறகு யார் எழுதிய குறிப்பாக இருந்தாலும் பத்து நிமிடத்தில் உங்கள் குறிப்பாக மாற்றிக்கொள்ளலாம்.