புறவாசல் வீடும் கடை முதலும்

நம் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் கையில் நாலு காசு சேர்ந்தால், முதலில் நினைப்பது புறவாசலில் இன்னொரு வீடு கட்டுவதைத்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம் வைக்கலாம். இல்லையென்றால் விசைத்தறி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம். இந்த எண்ணத்தில் தவறே கிடையாது. ஆனால் கட்டும் முறையில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம்.

"நம்ம இடம்தானே, யார் கேட்பது?" என்று கொத்தனாரைக் கூப்பிட்டு அஸ்திவாரம் தோண்டிவிடுகிறோம். ஒரே மனையில் இரண்டாவது வீடு என்றாலும் அதுவும் புதிய கட்டடம்தான், அனுமதி வேண்டும். அனுமதியில்லாத கட்டடத்துக்குச் சீல் வைக்க 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் அங்கீகரித்த வரைபடத்தைக் கேட்கிறார்கள். அது இல்லையென்றால் பணம் எங்கிருந்து வரும்? கல்லாவிலிருந்துதான். அதுவும் போதாவிட்டால் கந்துவட்டி. 2003ஆம் ஆண்டிலேயே தடைச் சட்டம் வந்தும், அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் குறையவில்லை.

மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கு இது உடனே தெரிந்துவிடும். வாரம் தவறாமல் பாக்கி தீர்த்தவர் தவணை சொல்ல ஆரம்பிப்பார். ஆடித்தபசுக்குப் பத்து மூட்டை எடுத்தவர் நாலு மூட்டையோடு நிறுத்திக்கொள்வார். கடையில் சரக்கு இல்லையென்றால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். போன வாடிக்கையைத் திருப்பிக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அனுமதி வாங்குவது பெரிய அலைச்சல் என்று முன்பு சொன்னோம். அதில் உண்மை இருந்தது. ஆனால் 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரை, அதாவது சுமார் ஐந்தே முக்கால் சென்ட் வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் குடியிருப்புக்கு இது பொருந்தும். விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே சான்று அளித்து, ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. மூன்று குடியிருப்புகளுக்கு மேற்படாத, 12 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு நிறைவுச் சான்று தேவையில்லை என்று 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளே சொல்லிவிட்டன.

ஆனால் சுயசான்று என்றால் இஷ்டம்போல் கட்டலாம் என்று அர்த்தமில்லை. தளப்பரப்புக் கணக்கில் முன்வீடும் சேரும். சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தை விட்டே ஆக வேண்டும். தீ பிடித்தால் ஆள் போய்வர வழி வேண்டாமா? சான்று பொய்யானால் பொறுப்பு நம் தலையில்தான் விழும். வீடு என்று அனுமதி வாங்கிவிட்டு அதைக் கிட்டங்கி ஆக்குவதும், வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டுவதும் வேண்டாம். கிட்டங்கிக்கு வணிகக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு அடைக்கிறவர் இணையதளத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட முடியாது. எனவே நமது சங்கக் கட்டடத்தில் வாரம் ஒரு நாள், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை வரவழைத்து உறுப்பினர்களுக்கு வழிகாட்ட வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய பழைய தெரு மனைகளுக்கு இந்த விதிகள் எப்படிப் பொருந்தும் என்பதை நகராட்சி அதிகாரிகள் ஒரு கூட்டம் போட்டு விளக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வீடு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுமதியை வாங்கி, வங்கிக் கடனில் கட்டுங்கள். கடை முதலில் மட்டும் கை வைக்காதீர்கள். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.