இரும்பு வேலியும் இடையறாத காவலும்

குழாயில் வரும் நீர் கலங்கியிருந்தால் நம் கண்ணே நமக்குச் சொல்லிவிடும். மண்ணுக்கடியில் மெல்ல நகரும் நீரில் நஞ்சு கலந்தால் யார் சொல்வது? ஓரிடத்தில் கொட்டிய கழிவு, ஆண்டுகள் பல கழிந்தபின் வேறோரிடத்துக் கிணற்றில் தலைகாட்டுகிறது. இத்தகைய நீரைத் தூய்மை செய்ய விஞ்ஞானிகள் கண்ட அருமையான வழி ஒன்றையும், அதில் நாம் மறக்கக்கூடாத கடமை ஒன்றையும் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

மாசுற்ற நீர் செல்லும் பாதைக்குக் குறுக்கே ஆழமான பள்ளம் வெட்டி, அதில் இரும்புத் துகள்களை நிரப்புகிறார்கள். இது நீரை மறிக்கும் அணை அன்று. நீரைப் போகவிட்டு நஞ்சை மட்டும் மாற்றும் வேலி. துருப்பிடிக்கும் இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. அவற்றைப் பெறும் நச்சுக் குரோமியம் நீரில் கரையாத பொருளாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீனும் இவ்வாறே சிதைகிறது. இறைக்கும் எந்திரம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வீண் என்று நாம் ஒதுக்கும் துருவுக்கு இத்தனை ஆற்றலா என்று வியப்பாக இருக்கிறதல்லவா?

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து எலிசபெத் நகருக்கருகே, கடலோரக் காவல் படைத் தளத்தில் முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1996 ஜூன் மாதத்தில் அங்கே 46 மீட்டர் நீளமும், 7.3 மீட்டர் ஆழமும், 0.6 மீட்டர் அகலமும் கொண்ட இரும்பு வேலி அமைக்கப்பட்டது. 15 ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேலியைத் தாண்டிய நீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்கு மேல் குரோமியம் காணப்படவில்லை. நஞ்சு ஊறிய மூல இடத்தையும் தனியே சுத்தம் செய்தது இவ்வெற்றிக்கு ஒரு முக்கிய காரணம்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. யூட்டா மாநிலத்து மான்டிசெல்லோவில் யுரேனிய ஆலைக் கழிவால் கெட்ட நீருக்காக 1999ல் இதே போன்ற வேலி அமைத்தார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கால்சியம் கார்பனேட்டும் பிற படிவுகளும் சில ஆண்டுகளிலேயே துகள்களின் இடைவெளிகளை அடைத்தன. நீர் வேலிக்கு முன்னே தேங்கியது. தேங்கிய நீர் வேறு வழி தேடாமல் இருக்குமா? இரண்டிடத்திலும் இரும்புதான், நீர்தான் வேறு. ஆகவே எந்த வேலி எத்தனை காலம் உழைக்கும் என்பதை வாங்கும்போதே எழுதித் தர எவராலும் இயலாது. சோதனைக் கிணறுகளில் நீரை ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"வேலியைப் புதைத்தாயிற்று, இனிச் செலவில்லை" என்று சொல்வோர் உண்டு. இக்கருத்தை நான் ஏற்கவில்லை. இறைக்கும் எந்திரம் நின்றால் ஓசை நின்று நமக்குத் தெரிந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் வேலி பழுதானால் ஓசையே இராது. அந்த நீரைக் குடிப்பவர்களுக்கோ அதன் நிறமும் சுவையும் எதையும் காட்டிக்கொடுக்க வேண்டுமென்பதில்லை. எனவே வேலி அமைக்கும் செலவோடு, பல பத்தாண்டுகள் அதைச் சோதிப்பதற்கும், தேவையானால் இரும்பை மாற்றுவதற்கும் உரிய பணத்தையும் முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்காத திட்டத்தை முழுமையான திட்டமென்று சொல்லலாகாது.

அந்தப் பணத்தை யார் தருவது? எலிசபெத் நகரில் வேலி அமைத்த அதே 1996ல், வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் விடை கூறியது: மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்றின் கழிவுக் குவியலும் நிலத்தடி நீரில் இதே குரோமியத்தைக் கலந்ததை நாம் அறிவோம். ஆலையை மூடலாம், ஆனால் நஞ்சு மூடிய கதவுக்குள் நிற்பதில்லை. செலவை ஏற்பது என்றால் ஒருநாள் அபராதம் கட்டுவதன்று. நீர் தூய்மையாகும்வரை காவல் காப்பதும் அதில் அடங்கும்.

தோழியரே! நம்மில் சிலர் நாளை பொறியாளர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆவோம். திறப்பு விழாவில் கைதட்ட ஆயிரம் பேர் வருவார்கள். பதினைந்தாம் ஆண்டில் சோதனைக் கிணற்றருகே குப்பியுடன் நிற்க ஒருவராவது வேண்டும். அந்த ஒருவராக இருக்க நாம் இப்போதே பழகிக்கொள்வோம்.