சாவி யாரிடம் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, வாழப்பாடிப் பக்கம் ஒரு காலனியில் வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். பாக்கு உரித்துவிட்டு வரும் பெண்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், ஒன்பதாவது படிக்கும் சிறுமிகள் எனப் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். ஒரு வாரம் போனபோது சமுதாயக்கூடம் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். அடுத்த வாரமும் பூட்டு, வேறு காரணம். மூன்றாவது வாரம் நாங்கள் காரணம் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டோம். அந்தப் பக்கமாகப் போன ஒருவர் வண்டியை நிறுத்திக் கேட்டார்: "பொம்பளைங்க எல்லாம் என்னத்துக்கு இங்க கூடியிருக்கீங்க? குழுக் காசு கட்டவா?"

இந்தக் கேள்வியைத்தான் இங்கே பேச வேண்டும். அதே சமுதாயக்கூடம் கடன் வசூலுக்கு வாரந்தோறும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் திறக்கிறது. நுண்கடன் நிறுவனத்தின் ஆள் பைக்கில் வருகிறார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தவணை கட்டுகிறார்கள். ஒருத்தி வராவிட்டால் அவள் வீட்டுக்கே ஆள் போகிறது. அங்கே "எதற்குக் கூடினீர்கள்" என்று யாரும் கேட்பதில்லை. கடன் கட்டக் கூடலாம், கோயில் பொங்கலுக்குக் கூடலாம், நூறு நாள் வேலைக்குக் கூடலாம், ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு ஆரத்தி எடுக்கக் கூடலாம். ஒரு புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்தால் மட்டும் சாவி காணாமல் போகிறது.

நகரத்துத் தோழர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு யோசனை வரும். "சென்னையில் எவ்வளவு நல்ல நிகழ்வுகள் நடக்கின்றன, பிள்ளைகளை அழைத்து வாருங்களேன்." நடக்கின்றன, மறுக்கவில்லை. எழும்பூரில் நீலம் புக்ஸ் இருக்கிறது. தலித் இலக்கியத்தை ஒரு மூலை அலமாரிக்குள் ஒதுக்காமல், அதையே நடுவில் வைத்து உட்கார்ந்து பேச ஓர் இடம் உருவானதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் வாழப்பாடியிலிருந்து சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. போக ஓர் இரவு, வர ஓர் இரவு, இடையில் இரண்டு நாள் கூலி. வயது வந்த பெண்ணை இரவுப் பேருந்தில் அனுப்ப எந்த வீட்டில் ஒப்புவார்கள்? சேலத்துக்குக்கூட மாலை நிகழ்வு என்றால் திரும்பி வரும் பேருந்தை நினைத்தே பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள்.

பெண்ணியப் புத்தகக் கடை எதற்காகப் பிறந்தது என்று நினைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் 1974இல் தொடங்கிய காரிஸ் புத்தகக் கடை இன்றும் இருக்கிறது. நிகழ்வுகளையும் வாசிப்புக் குழுக்களையும் நடத்தவே அதன் கூடவே காரிஸ் சர்க்கிள் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இயங்குகிறது. நமக்குப் பக்கத்தில் பெங்களூரில், விமோசனா பெண்கள் அமைப்பு 1980களில் ஸ்த்ரீலேகா என்ற கடையைத் தொடங்கியது. இப்படிப்பட்ட கடைகளில் புத்தகம் விற்றது பாதி வேலை. ஒரு பெண் உள்ளே வந்து, எதுவும் வாங்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிந்ததே மீதிப் பாதி. வீட்டில் நடந்ததை வேறொருத்தியிடம் முதல்முறையாகச் சொல்லக் கிடைத்த இடம் அது.

அங்கேயும் எல்லோருக்கும் சமமாக நாற்காலி கிடைத்துவிடவில்லை. 1980இல் ஆட்ரி லார்ட் யோசனை சொல்ல, பார்பரா ஸ்மித் உள்ளிட்ட கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். அதன் பெயர் 'கிச்சன் டேபிள்', சமையலறை மேசை. பெண்கள் வேலை செய்வதும் பேசிக்கொள்வதும் அங்கேதான் என்பதால் அந்தப் பெயர். வெள்ளைப் பெண்கள் நடத்திய பதிப்பகங்கள் தங்கள் எழுத்துக்குக் கதவு திறக்கும் என்று காத்திருக்காமல் தாங்களே திறந்தார்கள்.

நம் கதையும் அதுதான். நகரத்துப் பெண்ணிய மேடைகளிலிருந்து எங்களுக்கும் அழைப்பு வரும். 'களத்திலிருந்து ஒரு குரல்' என்று பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். எங்கள் பெண் எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்வாள். அரங்கம் கண் கலங்கும். பிறகு வேறொருவர் வந்து அதற்கு விளக்கம் சொல்வார். அழுகை எங்களிடம் வாங்குகிறார்கள், ஆய்வு அவர்கள் செய்கிறார்கள். அவள் என்ன படித்திருக்கிறாள், எந்த நூலோடு அவளுக்கு முரண்பாடு என்று யாரும் கேட்பதில்லை. 1995இல் 'தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள்' என்று கோபால் குரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு ரூத் மனோரமா முன்னின்று தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னமும் நாம் சாட்சிக் கூண்டில்தான் நிற்கிறோம்.

பழியை முழுக்க அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நாம் கைகழுவவும் முடியாது. கோபால் குருவின் கட்டுரை நம் ஆண்களையும் பார்த்துத்தான் பேசியது. நம் இயக்கத்துப் படிப்பு வட்டங்களை நினைத்துப் பாருங்கள் தோழர்களே. அண்ணல் படத்துக்கு மாலை, முன்வரிசையில் ஆண்கள், 'சாதியை அழித்தொழித்தல்' பற்றி மூன்று மணி நேர உரை. பெண்கள் எங்கே? டீ கொண்டு வருகிறார்கள். கூட்டம் முடிந்ததும் பாய் சுருட்டுகிறார்கள். 1942 ஜூலை 20ஆம் தேதி நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களின் அகில இந்திய மாநாடு நடந்தது. தலைமை தாங்கியவர் சுலோசனாபாய் டோங்ரே. அம்பேத்கர் வந்து பேசினார். ஆயிரக்கணக்கில் திரண்ட பெண்கள் விவாகரத்து உரிமை கேட்டார்கள், பலதார மணத்தை எதிர்த்தார்கள். அதெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்த கோரிக்கைகளா? தங்களுக்குள் கூடிப் பேசிப் பழகிய பெண்கள்தான் மாநாட்டில் அப்படிக் கேட்க முடியும்.

கூடிப் படிப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழ் காலணா விலையில் வந்தது. 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர், கோலார் தங்கவயல் தொழிலாளர்வரை அது போய்ச் சேர்ந்தது. பிறகு சுயமரியாதைக் காலத்தில் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் 'குடி அரசு' இதழை ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். இந்தப் பெருமையை நாமும் மேடைதோறும் சொல்கிறோம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. அந்த டீக்கடை பெஞ்சில் யார் உட்கார முடிந்தது? இரட்டைக் குவளை இருந்த கடைகளில் நம் ஆண்கள் வெளியே நின்றார்கள். நம் பெண்களுக்கு வெளியே நிற்கவும் இடமில்லை. தமிழ்நாட்டின் வாசிப்பு மரபு நம் பெண்களை இரண்டு முறை வெளியே வைத்தது.

ஆனாலும் நம் பெண்கள் எழுதினார்கள். 1855இல், சாவித்ரிபாயும் ஜோதிராவ் புலேயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற மாங் சமூகச் சிறுமி, மகார், மாங் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் அச்சானது. அவளுக்கு அப்போது பதினான்கு வயதுதான். பள்ளி தொடங்கி ஏழே ஆண்டுகள். உட்கார ஓர் இடமும் சொல்லிக்கொடுக்க ஒருத்தியும் கிடைத்தால் எவ்வளவு சீக்கிரம் பேச்சு பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எங்கள் வட்டத்தில் பாமாவின் 'கருக்கு' நூலைச் சத்தமாக வாசித்தோம். 1992இல் வந்த புத்தகம். ஒரு பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். நாற்பது பக்கம் போனதும் ஓர் ஆயா குறுக்கிட்டார். "இதெல்லாம் நம்ம வூட்ல நடக்கறதுதானே கண்ணு. இதப் போயி எதுக்குப் புஸ்தகமாப் போட்டாங்க?" சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் கேள்வியை வைத்தே இரண்டு வாரம் ஓடியது. நம் வீட்டுக் கதை புத்தகமாகலாமா? ஆனால் யாருக்கு லாபம்? ஆகக் கூடாது என்று யார் நினைக்கிறார்கள்? கல்லூரிப் பிள்ளை ஒருத்தி 2021 ஆகஸ்டில் நடந்ததைச் சொன்னாள். டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் எடுத்துவிட்டது, மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் சேர்த்து. ஆயா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அது முக்கியமான புஸ்தகந்தான்." எந்தக் கருத்தரங்கிலும் இவ்வளவு சுருக்கமாக இதை நாங்கள் கேட்டதில்லை.

இது பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 22ஆம் தேதி, ஆத்தூர் அருகே தளவாய்ப்பட்டியில் எட்டாம் வகுப்புப் படித்த, பதிமூன்றே வயதான தலித் சிறுமி வெட்டிக் கொல்லப்பட்டாள். வாழப்பாடியில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆத்தூர். அதே மாதம் தமிழ்நாடு முழுக்க மீ டூ பேச்சாக இருந்தது. பாடகிகளும் பத்திரிகையாளர்களும் துணிந்து வாய் திறந்தார்கள், நாமும் அவர்கள் பக்கம் நின்றோம். ஆனால் தளவாய்ப்பட்டிக்கு அந்தத் தொலைக்காட்சி விவாதங்களில் எத்தனை நிமிடம் கிடைத்தது? வாசிப்பு வட்டம் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருப்பாள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அவளுக்குச் செய்யும் அநியாயம். கொன்றவனுக்கும் அவனுக்குத் துணிவு தந்த சாதிக்கும்தான் அந்தப் பொறுப்பு. நாங்கள் கேட்பது வேறு. இன்று இந்த ஊர்களில் ஒரு சிறுமியைத் தெருவில் எவனாவது மறித்தால், அவள் அதைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா? வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்துவார்கள். பள்ளியில் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கிறாள் பாருங்கள், அதற்குத்தான் அந்த இடம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகளில் சிலர் முதன்முதலாகக் கேட்டது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேதான்.

"பிள்ளைகள் போனைத்தானே பார்க்கிறார்கள், யார் படிக்கிறார்கள்?" என்று ஒரு சலிப்பும் உண்டு. போனில்தான் தொடர்கதை படிக்கிறார்கள், அதுவும் படிப்புதான். ரமணிசந்திரனில் ஆரம்பித்துப் பாமாவுக்கு வந்தவர்கள் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். நாங்கள் யாரையும் ரசனைப் பரீட்சை வைத்து உள்ளே விடுவதில்லை.

இனி, என்ன செய்ய வேண்டும்? வாழப்பாடியில் பெண்ணியப் புத்தகக் கடை ஒன்று திறக்கும் என்று காத்திருக்க முடியாது. இங்கே வாடகை கொடுத்து அப்படி ஒரு கடையை நடத்த யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் அரசின் கையில் கட்டடங்கள் இருக்கின்றன. 1948இல் நாட்டுக்கே முன்மாதிரியாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி இன்றும் வசூலாகிறது. காலனி வீட்டுக்கும் சேர்த்துத்தான். 2006க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டினார்கள். நாங்கள் போய்ப் பார்த்தவற்றில் சில பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறது. திறந்திருப்பது ஊர்த்தெருவில் இருந்தால், காலனிப் பிள்ளை அந்தப் பக்கம் போனதும் "எங்க வந்த?" என்ற கேள்வி. சேலத்தில் 2022 நவம்பரில் புத்தகத் திருவிழா நடந்தது, நல்லது, நாமும் போனோம். திருவிழா முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் அந்தப் பெண்கள் எங்கே போய்ப் படிப்பார்கள்?

எனவே நம் கோரிக்கை சின்னது, பிடிவாதமானது. ஊராட்சி நூலகங்களைத் திறக்க வேண்டும். பெண்கள் கூலி முடிந்து வரும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவை திறந்திருக்க வேண்டும். பொறுப்பாளராகக் காலனிப் பெண் ஒருத்தியை ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள், பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். நகரத்துத் தோழர்களே, உங்கள் அடுத்த நிகழ்வுக்கு எங்களை அழைக்கும் முன் ஒரு முறை இங்கே வாருங்கள். பேச வேண்டாம். பாயில் உட்கார்ந்து கேளுங்கள், ஒரு பக்கம் வாசியுங்கள். இயக்கத்து அண்ணன்மார்களே, அடுத்த படிப்பு வட்டத்தில் டீ நீங்கள் போடுங்கள்.

மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் குறைவு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஒரு புத்தகம் போட்டுக்கொள்ளுங்கள். தங்கையையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுச் சத்தமாக வாசியுங்கள். அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.

எங்கள் சமுதாயக்கூடத்துச் சாவி இன்னும் கைக்கு வரவில்லை. வரும் ஞாயிறு நான்கு மணிக்கு, தொட்டிக்குக் கீழே 'சங்கதி' வாசிக்கத் தொடங்குகிறோம். மழை வந்தால் அந்தப் பூட்டுக்கு முன்னால், திண்ணையில் உட்காருவோம்.