நோயின் பெயரை மறைத்தால் காலின் வீக்கத்தைக் காண்பவர் யார்?

எம்மவர் வீடுகளிற் புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியின் காதில் விழவிடாமற் காக்கும் வழக்கம் இன்னமும் மாறவில்லை. அன்று மகரகம வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போதும் "சின்னக் கட்டிதான், எடுத்தாற் சரி" என்று சொல்லியே கொண்டுபோனோம். கடல் கடந்து ரிச்சர்ட்சனில் வாழும் இந்நாளிலும் பிள்ளைகளும் மருமக்களும் கூடிப் பேசி அதையே செய்கின்றனர். இது அன்பினாற் செய்யப்படுவது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்த அன்பு, நோயோடு கூடவே வரும் இன்னோர் ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியாதவாறு மூடிவிடுகின்றது. நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாதலே அவ்வாபத்து. புற்றுநோயாளரின் மரணத்துக்குப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக உள்ள முக்கிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

புற்றுநோய்க்கும் இரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு என்று பலர் வியக்கக்கூடும். கலைப் பட்டதாரியாகிய எனக்கும் இது படித்தறிந்த பின்னரே விளங்கிற்று. கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து காயத்தை மூடுகின்றது. தோலுக்கு அடியிலுள்ள இழையங்களில் இருக்கும் ஒரு புரதம் இரத்தத்தைத் தொட்டவுடன் உறைதல் தொடங்கும். இழையக் காரணி என்று அதற்குப் பெயர். காயம் இல்லாதபோது அது இரத்தத்தோடு கலப்பதில்லை. ஆனால் புற்றுநோய்க் கலங்கள் பல இதே புரதத்தைத் தாமே மிகுதியாக ஆக்கி, நுண்ணிய துணிக்கைகளாக இரத்தத்தினுள் விடுகின்றன. எங்கும் வெட்டு இல்லை. ஆயினும் காயம் பட்டுவிட்டதென்று உடல் ஏமாறுகின்றது. கட்டி என்பது ஆறாத ஒரு புண் என 1986இல் ஹரல்ட் டுவோராக் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர் எழுதினார். எமது மொழியில் நெடுங்காலமாக வழங்கும் சொற்றொடர் அல்லவா அது!

இவை தவிர வேறு காரணங்களும் உண்டு. நாளச் சுவர் பழுதுபடல், இரத்த ஓட்டம் தளர்தல், இரத்தத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றுமே உறைதலுக்கு வழி என்பது ஜேர்மனிய அறிஞர் விர்ஹோவின் பெயரால் வழங்கும் விளக்கம். அவருடைய ஆய்வு 1856இல் வெளிவந்தது. புற்றுநோயாளரிடத்தில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. மருந்து ஏற்றுவதற்கு நெஞ்சிலோ கையிலோ பொருத்தும் குழாயும் சில மருந்துகளும் நாளத்தின் உட்சுவரைத் தாக்கும். சத்திரசிகிச்சைக்குப் பின் படுத்தே கிடப்பதால் ஓட்டம் தளரும். சில வேளை கட்டியே நாளத்தை அழுத்தும். சதையி எனப்படும் கணையம், இரைப்பை, மூளை, நுரையீரல், சூலகம் ஆகியவற்றின் புற்றுநோய்களில் ஆபத்து அதிகம். நோய் அறியப்பட்ட முதற் சில மாதங்களில் மிக அதிகம்.

இத்தொடர்பை உலகறியச் செய்தவர் பாரிஸ் நகரத்து மருத்துவப் பேராசிரியர் ஆர்மன் துரூசோ. காரணமின்றிக் கால் வீங்கி வலிக்கும் நோயாளரிடம் உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோயைத் தேடவேண்டும் என்று 1865இல் வெளியான தம் விரிவுரையிற் கூறினார். ஈராண்டுகளின் பின், 1867இல், அதே அடையாளம் தம் உடலிலேயே தோன்றியது. அதன் பொருளை அவருக்கு ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு யூன் மாதம் அவர் புற்றுநோயால் இறந்தார். அன்று அறிந்தும் செய்யக்கூடியது எதுவுமில்லை. இன்று உண்டு. உறைதலைத் தடுக்கும் ஒருவகை ஹெப்பரின் ஊசி, பழைய வார்பரின் மாத்திரையை விட, கட்டி மீண்டும் வருவதை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்ததென 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் அபிக்சபான் முதலிய மாத்திரைகளும் வந்துள்ளன. எவருக்கு முன்கூட்டியே இம்மருந்து வேண்டும் எனக் கணிக்கும் முறையை, இந்தியாவில் மருத்துவம் கற்ற அலோக் கொரானா 2008இல் வகுத்தார். இரத்தப்போக்கு ஆபத்து இருப்பதால் எல்லோருக்கும் இம்மருந்து பொருந்தாது. அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். வீட்டிலுள்ள அஸ்பிரினோ உள்ளியோ இதற்கு மாற்றல்ல.

ஆனால் மருந்து இருந்தென்ன? தனக்கு இருப்பது என்ன நோய் என்று அறியாத தாய், ஒரு கால் மட்டும் வீங்கினால் என்ன நினைப்பார்? நெடுநேரம் நின்று சமைத்ததால் வந்த நோவு என்பார். கோடாலித் தைலம் பூசி உருவிவிடச் சொல்வார். உருவவே கூடாது, கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றுவிடலாம். ஒரு காலோ கையோ வீங்குதல், சூடாதல், கெண்டைக்காலில் நோவு என்பன கண்டால் அன்றே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்செடுக்கையில் நெஞ்சுவலி, சளியில் இரத்தம், மயக்கம் என்றால் 911. இவற்றை முதலில் உணர்பவர் நோயாளிதான். மகன் வேலையிலும் மருமகள் நெடுஞ்சாலையிலும் இருக்கும் பகற்பொழுதில், வீட்டிலே தனித்திருக்கும் அவருக்கே இது தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பு. பத்து வயதுப் பேரனை வைத்தியருக்கும் பாட்டிக்கும் நடுவில் நிறுத்துவது தகாது. பெரியவர்கள் மொழிபெயர்த்தாலும் வேண்டாததை விழுங்கிவிடுவோம். அதுவும் மறைப்பின் இன்னொரு வடிவமே. மத்திய அரசின் நிதி பெறும் வைத்தியசாலைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாக வழங்கவேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவு. தமிழ் வேண்டுமென்று கேட்டால், தொலைபேசி வழியாகவேனும் தருவர். கேட்க வெட்கப்படுகின்றோம். மசாசூசெட்சிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, மானிப்பாயில் எம் முன்னோருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் நாட்டில் நாம் எம் நோயைத் தமிழிற் கேட்டறிவதில் என்ன குறை?

மருந்தின் விலை பலரை அச்சுறுத்துகின்றது. எங்கள் நகரம் டலஸ், கொலின் ஆகிய இரு கவுண்டிகளில் விரிந்து கிடக்கின்றது. பார்க்லண்ட் பொது வைத்தியசாலையின் கட்டண உதவி டலஸ் கவுண்டியில் வசிப்போருக்கே உரியது. ஆகவே உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மற்றையோர் சிகிச்சை பெறும் இடத்திலுள்ள சமூகசேவை அலுவலரைக் கேட்கவேண்டும். மாத்திரை தீர்ந்தபின் கேட்பதிற் பயனில்லை. இம்மருந்து இடையில் நின்றால் கட்டி மீண்டும் உருவாகலாம்.