கல்லூரி வரை வரட்டும் பஸ்

தருமபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965-ல். அதே ஆண்டில் அரசு கலைக் கல்லூரியும் வந்தது. சேலத்தில் அறை எடுத்துப் படிக்க வசதியில்லாத மானாவாரி விவசாயிகளின் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே பட்டப்படிப்பு கிடைத்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரியை உருவாக்குவதே இதுபோன்ற கல்லூரியின் வேலை. தரவரிசைப் பட்டியலெல்லாம் பிறகு. 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியபின் கல்லூரி அதன்கீழ் வந்தது.

இன்று கட்டணம் பெரும் தடையல்ல. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தடை, தூரம்தான். சித்தேரி மலைப் பெண் கீழே இறங்கி, அரூரில் பஸ் மாறி வரவேண்டும். ஒரு பஸ்ஸை விட்டால் முதல் வகுப்பு போச்சு. மாலையில் தாமதமானால் வீட்டில் கேள்வி. ‘படித்தது போதும்’ என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. குழந்தைத் திருமணத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் இதைச் சில்லறைப் பிரச்சினை என்று தள்ளலாமா?

அடுத்த கல்வியாண்டுக்கு முன் மலைக்கிராமப் பஸ் நேரங்களை வகுப்பு நேரத்தோடு பொருத்துங்கள். மாணவியர் விடுதி இடங்களைக் கூட்டுங்கள். வந்து சேரும் மாணவிக்குப் பாடமும் ஒழுங்காக நடக்க, கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே ஆண்டுகளை ஓட்டாமல் நிரந்தரப் பேராசிரியர்களை நியமியுங்கள்.