வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதுமா?

“இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்சதைக் கொடுங்க.” புற்றுநோய் முற்றிய ஒருவரை வைத்துக்கொண்டு அலைந்த குடும்பங்கள் என்றாவது ஒருநாள் கேட்கும் சொல் இது. இரக்கமில்லாமல் சொல்லப்படுவதல்ல. கீமோவும் கதிர்வீச்சும் கைவிட்ட பிறகு நோயாளியே பெரும்பாலும் வீட்டைத்தான் கேட்கிறார். ஆனால், கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயர்கள் இருக்கும். நள்ளிரவில் வலி கூடினால் யாரைக் கூப்பிடுவது என்பது அநேகமாக இருக்காது.

சென்னை விமான நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் பொழிச்சலூரையே பார்க்கலாம். பார்வைக்கு அது நகரம்தான். 2021 நவம்பரில் பக்கத்துப் பம்மலையும் அனகாபுத்தூரையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. முடிச்சூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் எனப் புனித தோமையார்மலை ஒன்றியத்தின் மற்ற ஊராட்சிகள் மாநகராட்சியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன.

இந்த நிர்வாகக் கணக்கு நோயாளியின் படுக்கை வரைக்கும் வருகிறது. அதே 2021இல், ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு, வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பெருமைப்படத்தக்க திட்டம். ஆனால், ஒன்றியத்துக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியர் என்ற அதன் அடிப்படை அமைப்பு கிராமங்களை மனதில் வைத்தது. பொழிச்சலூரில் ஒரு புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு, அடுத்த நோயாளிக்காக ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைக் கடந்து பெரும்பாக்கம் போகவேண்டும் என்றால் அரை நாள் சாலையிலேயே போய்விடும். சென்னைப் புறநகருக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

வீட்டில் அந்தச் செவிலியர் செய்வது சின்னச் சின்ன வேலைகள். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்வார். அழுகி நாற்றமெடுக்கும் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவார். சில நாளில் நாற்றம் குறையும், எட்டி நின்ற பேரப்பிள்ளைகள் மறுபடி கட்டிலருகே வருவார்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று மருமகளுக்குக் கற்றுக்கொடுப்பார். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வாடகை வீட்டிலிருந்து நோயாளியை இறக்கி ஆட்டோவில் ஏற்றும் வதையை இந்த ஒரு வருகை மிச்சப்படுத்துகிறது.

வலிக்கு மருந்தும் புதிதல்ல. கடும் புற்றுநோய் வலிக்கு மார்ஃபினைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 1986இலேயே வந்துவிட்டது. நான்கு மணிக்கொரு முறை மாத்திரை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, அவ்வளவுதான் முறை. “பழக்கமாயிடுமே” என்ற பயம் குடும்பத்துக்கு மட்டுமல்ல, சில மருத்துவர்களுக்கும் இருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில், வலிக்கேற்ற அளவில் கொடுக்கும்போது அடிமையாதல் அரிது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் போட்ட உரிமச் சிக்கலை 2014 திருத்தம் பெருமளவு அவிழ்த்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மார்ஃபினை வைத்திருக்கலாம். அபின் சட்டப்படி பயிராகும் நாட்டில், பொழிச்சலூர்க்காரர் ஒரு அட்டை மாத்திரைக்காக நகரத்துக்குள் பாதி நாள் அலைவதை இனியும் ஏற்க முடியாது. வட்டார மருத்துவமனை அளவிலாவது அது கிடைக்கவேண்டும்.

வீட்டுக்கே செல்லும் பராமரிப்பைக் கேரளம் செய்து காட்டியிருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய முயற்சி அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களால் வளர்ந்தது. 2008இல் மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது. அங்கே ஊராட்சிகளே செவிலியரை அமர்த்தி வீட்டுப் பராமரிப்பை நடத்துகின்றன. ஊராட்சியாகவே நின்றுவிட்ட பொழிச்சலூரும் இதைச் செய்யலாம்; அதற்கான நிதியை அரசு ஒதுக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு, பலர் பேசத் தயங்குவது. வீட்டில் உயிர் பிரிந்தால், அழுதுகொண்டிருக்கும் மகனே சான்று எழுதித் தர மருத்துவரைத் தேடி ஓடவேண்டியிருக்கிறது. பார்த்திராத நோயாளிக்குக் கையெழுத்துப் போட எந்த மருத்துவரும் தயங்குவார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவாகி, செவிலியரின் வருகைக் குறிப்பும் அங்கே இருந்தால், அந்த நிலைய மருத்துவரே தயக்கமின்றி இறப்புக் காரணச் சான்றான 4ஏ படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம்.