ஃபில்டர் அடைத்தாலும் கார் ஓடும்... ஆபத்தே அங்குதான்! அரியலூர், பெரம்பலூர் கார்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை

அரியலூரில் காரைக் கழுவித் துடைத்து, ஒரு ராத்திரி வெளியே நிறுத்திவிட்டு, காலையில் வந்து பாருங்கள். பானட் மேல் விரலால் பெயரே எழுதலாம். அவ்வளவு தூசி!

இது இந்த மண்ணோடு சேர்ந்தே வந்த விஷயம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடல் இருந்த நிலம் இது. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால், அந்தக் கடல் உயிரினங்களின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் அரியலூரை ‘சிமென்ட் நகரம்’ ஆக்கியது. அரசின் டான்செம் ஆலையில் தொடங்கி ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று வரிசையாக ஆலைகள். அவற்றுக்குக் கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளுக்குக் கணக்கே இல்லை. பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் கல் குவாரிகளும் கிரஷர்களும். கோடையில் கரிசல் காட்டுப் பாதையில் ஒரு வண்டி போனால், பின்னால் வரும் வண்டி தெரியாது.

இந்தத் தூசியைச் சாப்பிட்டுக்கொண்டே ஓடும் கார் இன்ஜினை உள்ளிருந்து காப்பாற்றுவது, சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சின்ன டப்பா. அதுதான் ஆயில் ஃபில்டர். சர்வீஸ் பில்லில் கடைசி வரியில் இருக்கும் அதைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆனால் அது சரியில்லை என்றால், இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கப் பல பத்தாயிரங்கள் ஆகும். கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுபவருக்கு, அது பல மாதத் தவணைப் பணம்.

ரத்தம்... கிட்னி!

இன்ஜினுக்கு ஆயில் ரத்தம் என்றால், ஃபில்டர் கிட்னி. இன்ஜினின் அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து ஆயிலை பம்ப் உறிஞ்சும். அது முதலில் ஃபில்டருக்குப் போகும். அங்கே வடிகட்டப்பட்டு பேரிங், கேம்ஷாஃப்ட் என்று ஒவ்வோர் இடத்துக்கும் பாயும். டர்போ உள்ள கார் என்றால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்போவின் தண்டும் இதே ஆயிலை நம்பித்தான் இருக்கிறது.

ஆரம்பகால கார்களில் இந்த வசதி இல்லை. 1923-ல் அமெரிக்காவைச் சேர்ந்த எர்னெஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர்தான் கார் இன்ஜினுக்கான ஆயில் ஃபில்டரை உருவாக்கினார். ‘சுத்தமான ஆயில் பிறகு’ என்று பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி, அதற்கு ‘ப்யூரோலேட்டர்’ என்று பெயர் வைத்தார்.

டப்பாவைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே விசிறி மடிப்பு மடித்த காகிதம் இருக்கும். தூசியையும் உலோகத் துகளையும் பிடிப்பது அதுதான். கூடவே இரண்டு வால்வுகள் இருக்கும். நல்ல ஃபில்டரையும் மட்டமான ஃபில்டரையும் பிரித்துக் காட்டுவதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்த இரண்டு வால்வுகள்

முதலாவது, ஆயில் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு. ராத்திரி வண்டி நிற்கும்போது, ஃபில்டருக்குள் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைப்பது இதன் வேலை. இது ரப்பரால் ஆனது. மட்டமான ரப்பர் சூட்டில் சீக்கிரமே விறைத்துவிடும். அப்புறம் ஆயில் வடிந்துவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி ‘கட கட’வெனச் சத்தம் வந்து அடங்குகிறதா? ஆயில் மேலே ஏறும்வரை இன்ஜின் காய்ந்துபோய் ஓடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். இந்தச் சத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது. சிலிக்கான் ரப்பர் வால்வு உள்ள ஃபில்டர்கள் சூட்டை அதிகம் தாங்கும்.

இரண்டாவது, பைபாஸ் வால்வு. இதைத்தான் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். காகிதம் அடைத்துப்போய் ஆயில் உள்ளே போக முடியவில்லை என்றால், இந்த வால்வு திறந்துகொள்ளும். ஆயில் வடிகட்டப்படாமலே நேராக இன்ஜினுக்குப் போகும். ‘ஆயிலே இல்லாமல் ஓடுவதற்கு அழுக்கு ஆயில் மேல்’ என்ற கணக்கில் வைக்கப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடு இது.

இதனால் என்ன நடக்கும்? ஃபில்டர் அடைத்தாலும் கார் ஓடும். இழுவை குறையாது. டாஷ்போர்டில் விளக்கும் எரியாது. அங்கே இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கு, ஆயில் அழுத்தம் குறைந்தால் மட்டுமே எரியும். ஃபில்டரின் அழுக்கை அது சொல்லாது. கார் ஓட்டுபவர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார். உள்ளே மணல் கலந்த ஆயில் பேரிங்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ‘பிரச்னை வந்தால் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஃபில்டர் விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தலைமுடியை விடச் சின்ன எதிரி

ஃபில்டர் பிடிக்கும் துகளின் அளவை ‘மைக்ரான்’ என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இன்ஜினைத் தேய்க்கும் துகள்களோ அதைவிடப் பல மடங்கு சின்னவை, கண்ணுக்கே தெரியாது. தூசியில் கலந்திருக்கும் மணல் துகள், இரும்பையே கீறும் அளவுக்குக் கடினமானது.

இதுபற்றி 1988-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இன்றுவரை பேசப்படுகிறது. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டர் போட்ட இன்ஜினில் தேய்மானம் 50 சதவிகிதம் குறைந்தது. 15 மைக்ரான் என்றபோது 70 சதவிகிதம் குறைந்தது.

அப்படியென்றால், குறைந்த மைக்ரான் போட்ட ஃபில்டரைத் தேடி வாங்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ‘20 மைக்ரான்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த அளவுள்ள துகள்களில் எத்தனை சதவிகிதத்தைப் பிடிக்கிறது என்பதே முக்கியம். பாதியைப் பிடித்தாலும் ‘20 மைக்ரான்’தான், 99 சதவிகிதம் பிடித்தாலும் ‘20 மைக்ரான்’தான். இதை அளக்க ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சர்வதேசச் சோதனை முறை இருக்கிறது. அதோடு, காகிதம் மிக நெருக்கமாக இருந்து ஆயில் ஓட்டம் குறைந்தாலும் இன்ஜினுக்கு ஆபத்துதான். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் இன்ஜினுக்கு எது சரி என்பதை, அதை வடிவமைத்த நிறுவனம் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

கடையில் எப்படி வாங்குவது?

பெரும்பாலான பெட்டிகளில் மேலே சொன்ன விவரம் எதுவும் அச்சிடப்பட்டிருக்காது. அதனால் சாதாரண வாடிக்கையாளர் பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பு ஒன்றே ஒன்றுதான்: பார்ட் நம்பர்.

* ‘ஸ்விஃப்ட்டுக்கு ஒரு ஃபில்டர் கொடுங்க’ என்று கேட்காதீர்கள். ஒரே பெயருள்ள காரில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று. சிலவற்றில் முழு டப்பாவையும் மாற்ற வேண்டும். சிலவற்றில் உள்ளே இருக்கும் காகிதச் சுருளை மட்டும் மாற்ற வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மாடல், ஆண்டு, எரிபொருள் விவரத்தைச் சொல்லி, பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

* ‘மரை சேருது, போட்டுடலாம் சார்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மரை சேர்ந்தாலும், உள்ளே பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம்.

* கார் நிறுவனத்தின் ஒரிஜினல் பாகம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பாஷ், மாலே, மான் போன்ற பெயர் பெற்ற ஃபில்டர் நிறுவனங்கள் உங்கள் காருக்கு என்று குறிப்பிட்டுத் தரும் பாகமும் சரியே. வாரன்ட்டியில் இருக்கும் கார் என்றால் மட்டும், வாரன்ட்டி விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

* டூப்ளிகேட் பற்றிய பயம் நியாயமானது. பெட்டியில் அச்சு மங்கலாக இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் க்யூ.ஆர். கோடு இருந்தால், கடையிலேயே போனில் ஸ்கேன் செய்யுங்கள்.

* ஃபில்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரப்பர் வளையம் மெத்தென்று, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். மரையில் இரும்புத் துருவல் ஒட்டியிருக்கக் கூடாது. காகிதச் சுருள் என்றால், மடிப்புகள் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும்.

* எம்.ஆர்.பி.யில் பாதி விலைக்குக் கொடுத்தால், சந்தோஷப்படுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

* கண்டிப்பாக பில் வாங்குங்கள். போலி என்று தெரியவந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யவும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம்.

எப்போது மாற்ற வேண்டும்?

பல கார்களின் கையேட்டில் ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது’ என்று போட்டிருக்கும். அதே கையேட்டில் இன்னொரு பக்கம் இருக்கும். ‘கடுமையான சூழலில் ஓட்டினால்’ என்று தொடங்கும் பக்கம். தூசி நிறைந்த சாலை, அடிக்கடி குறுகிய தூரப் பயணம், இன்ஜினை ஓடவிட்டு நீண்ட நேரம் நிறுத்துவது... இவையெல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு நான்குவழிச் சாலையில் ஒரே ஓட்டமாகப் போய்வரும் காருக்கு முதல் பக்கம் பொருந்தலாம். சுரங்கச் சாலையில் டிப்பருக்குப் பின்னால் தினமும் ஊர்ந்துபோகும் காருக்கு இரண்டாவது பக்கம்தான். அதில் இடைவெளியைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். உங்கள் காரின் கையேட்டில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே புரட்டிப் பாருங்கள்.

வீட்டுக்காரர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கார் ஷெட்டிலேயே நிற்கும் வீடுகளும் இங்கே உண்டு. ‘வண்டியே ஓடலையே, எதுக்கு ஆயில் மாத்தணும்?’ என்று கேட்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை கடைத்தெருவரை போய்வரும் காரில் இன்ஜின் முழுசாகச் சூடாவதே இல்லை. ஈரமும் எரியாத எரிபொருளும் ஆயிலில் தங்கிவிடும. அந்த காருக்குக் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், மாதக் கணக்குதான்.

புது ஆயில் ஊற்றும்போது பழைய ஃபில்டரையே விட்டுவைப்பதும் தவறு. குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது மாதிரிதான்.

தூசி நுழையும் வாசல்

ஆயில் ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது உள்ளே வந்துவிட்ட எதிரியைத்தான் பிடிக்கும். தூசி இன்ஜினுக்குள் நுழையும் முக்கிய வாசல் வேறு. அங்கே காவல் நிற்பது ஏர் ஃபில்டர். அதில் கிழிசலோ, மூடியின் கிளிப்பில் இடைவெளியோ இருந்தால், தூசி காற்றோடு சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் ஃபில்டர் சீக்கிரமே நிரம்பும், பைபாஸ் திறக்கும்.

எனவே இந்தப் பகுதியில் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது அவசியம். பலமான காற்றைக் கிட்டத்தில் வைத்து அடித்துச் சுத்தம் செய்தால், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அழுக்கேறினால் மாற்றிவிடுவதே மேல்.

ஷெட்டில் நிற்கும் ஐந்து நிமிடம்

ஃபில்டர் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால், ஓடும்போது ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, டப்பாவைக் கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு ஃபில்டரில் குறிப்பிட்ட அளவு மட்டுமே இறுக்க வேண்டும். பெரும்பாலும் அது முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கத் தேவையில்லை.

இன்ஜினை ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். ஓடோமீட்டர் எண்ணையும் தேதியையும் போனில் ஒரு போட்டோவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மடிப்புக்குள் கருப்புக் கசடு இருப்பது சகஜம். பளபளவென்று உலோகத் துகள் மின்னினால், இன்ஜினுக்குள் ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். அது பெரிய செலவாக மாறும் முன்பே நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடலாம். செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்கள், முதல் சர்வீஸிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. பழைய உரிமையாளர் சொல்லாத கதையை அந்த டப்பா சொல்லிவிடும்!